பைபாஸ் முடிந்த அப்பாவை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இது: குடியாத்தத்தில் கைலி நெய்து வந்த அப்பாவுக்கு வயது 67. வேலூரில் பைபாஸ் ஆகி, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ். சரியாகச் சாப்பிடுவதில்லை. நடக்கச் சொன்னால் எரிந்து விழுகிறார். ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், காற்றில் எதையோ பிடித்து முடிச்சுப் போடுகிறார். அம்மா பயந்து போயிருக்கிறார். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் நீங்கள், எப்படிப் பார்த்துக்கொள்வது, எதற்குப் பயப்பட வேண்டும், வைகாசி ஒன்றாம் தேதி நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு (அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் விழா) அவரை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் வேலூரில் பிசியோதெரபிஸ்ட். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்தவர்களை எழுப்பி உட்கார வைப்பதும் நடக்க வைப்பதும்தான் என் தினப்படி வேலை. அதனால் பதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். உங்கள் சர்ஜன் எதையாவது மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். அப்பாவின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் அந்த ராத்திரிப் பேச்சு, ஏனென்றால் அம்மாவைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவது சகஜம். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். மயக்க மருந்து, வலி மாத்திரை, இரவு பகல் தெரியாத ஐசியூ விளக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடுகின்றன. பகலில் நன்றாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் ஆள் மாறிவிடுவார். வாழ்நாள் முழுக்க அறுந்த இழையை முடிந்த கை என்பதால் அந்தக் குழப்பத்திலும் இழைதான் முடிகிறது. அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, காற்று கருப்பும் அண்டவில்லை. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும், சிலருக்கு ஓரிரு வாரம் இழுக்கும்.

ஆனால் டியூட்டி சிஸ்டரிடமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடமும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். உப்புச் சத்து குறைந்திருந்தாலும், சிறுநீர் அடைத்திருந்தாலும், எங்காவது கிருமி தொற்றியிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அவர்கள் பரிசோதித்துப் பார்ப்பார்கள். நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் கழற்றிக் கொடுத்த கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் இன்னும் உங்கள் பைக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல வீட்டில் அது அப்படியே கிடக்கும். கண்ணும் காதும் தெளிவாக இல்லாதவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும். காலையில் ஜன்னல் வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள். "இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நாம் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "என்ன உளறுறீங்க" என்று அதட்டினால் பயம்தான் அதிகமாகும். அந்த நேரத்தில் தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநலப் பிரிவு, 1960களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடத் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. நோயாளியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுவதே வழக்கமாக இருந்த காலம் அது. அட்டெண்டர் என்றால் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பார்மசி வரிசையில் நிற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, அவரை எழுப்புவது. இதைத்தான் எல்லார் வீட்டிலும் தப்பாகச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பைபாஸில் மார்பெலும்பை நெடுக்கு வாட்டில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டி மூடுவார்கள். அந்த எலும்பு ஓரளவுக்குக் கூடிவர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், முழு பலம் வர மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி எழக் கூடாது, குடம் பக்கெட் தூக்கக் கூடாது, கேட்டை இழுக்கக் கூடாது. மற்றவர்களும் அவர் கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பக் கூடாது. பாசத்தில் மகன்கள் செய்வது இதைத்தான்: ஆளுக்கொரு கையைப் பிடித்து "ஏய் தூக்கு" என்று ஒரே இழுப்பு. மார்பெலும்பின் இரண்டு பாதியும் இரண்டு பக்கம் போகும்.

சரியான முறை இது. கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவர் முதலில் முழங்காலை மடக்கட்டும். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்கட்டும். சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கனமே உடம்பை மேலே கொண்டுவரும். நீங்கள் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து லேசாகத் தாங்கினால் போதும். உட்கார்ந்ததும் உடனே நிற்க விடாதீர்கள், தலை சுற்றலாம். ஒரு நிமிஷம் கழித்து, விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முழங்காலைத் தாண்டி வருகிற அளவுக்கு முன்னால் சாய்ந்தால், தொடை பலத்திலேயே எழுந்துவிடுவார். டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார்டு பிசியோவை இதைச் செய்து காட்டச் சொல்லி, அம்மாவையும் அவர் எதிரிலேயே ஒரு முறை செய்யச் சொல்லுங்கள்.

இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணையை நெஞ்சில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிக்குப் பயந்து இருமலை அடக்குவார்கள். சளி தங்கி நிமோனியா வருவது அப்படித்தான். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம், பத்து மூச்சு. வீட்டுக்குப் போனதும் அலமாரிக்கு மேலே போய்விடுகிற பொருள் அது. டிவி பக்கத்தில் வையுங்கள், ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் ஒரு சுற்று.

இனி நடை. "பெரிய ஆபரேஷன் ஆச்சு, படுத்தே இருக்கட்டும்" என்பதுதான் நம் ஊர்ப் பாசம். தட்டைக் கையில் கொடுத்து, தண்ணீரை வாயில் ஊற்றி, செருப்பைக் காலில் மாட்டிவிடும் அந்தப் பாசத்தோடுதான் தினமும் எனக்கு வழக்கு. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், தசை கரையும், பசி எடுக்காது, மலம் இறங்காது. அப்பா சாப்பிடாமல் இருப்பதற்கும் எரிந்து விழுவதற்கும் பாதிக் காரணம் அவர் படுத்துக் கிடப்பதுதான். பாகாயத்திலேயே இருக்கும் மறுவாழ்வு மையம் டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பின்பு மறுவாழ்வு மருத்துவம் படித்து அந்தத் துறையையே இங்கே நடத்தினார். முடிகிற வேலையை அவரவரே செய்ய வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் அடிப்படை. அப்பாவுக்கும் அதுவே. சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயும் வாசலிலும் ஐந்து ஐந்து நிமிஷமாக, நாளைக்கு மூன்று நான்கு தரம். அப்புறம் தினமும் ஓரிரு நிமிஷம் கூட்டுங்கள். ஒன்றரை மாதத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பவர்கள் நிறைய. நடக்கும்போது சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்தி உட்கார வையுங்கள். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. சாப்பிட்ட உடனே வேண்டாம். "நட" என்று உத்தரவு போடாமல் "பால் வாங்கப் போறேன், தெருமுனை வரைக்கும் வாங்கப்பா" என்று கூப்பிட்டால் வருவார். பையைத் தூக்குவது நீங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பஸ் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். கார் எடுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து, நெஞ்சுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் அந்தத் தலையணையை வையுங்கள். பள்ளிகொண்டா வரைக்கும் நெடுஞ்சாலையில் தொந்தரவு இருக்காது. அதற்கப்புறம் வேகத்தடைகள் வரும்போது மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீடு மாடியில் இருந்தால் படி ஏறலாம், கைப்பிடியை இழுக்காமல், நாலைந்து படிக்கு ஒரு தரம் நின்று.

அதற்கு முன்பே ஒருவர் வீட்டுக்குப் போய் இரண்டு காரியம் முடிக்க வேண்டும். ஒன்று, கட்டில். பாயில் படுத்துப் பழகியவரானாலும் இந்த மூன்று மாதம் தரையில் படுக்கக் கூடாது, தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. இரண்டு, கழிப்பறை. குந்தி உட்காரும் கழிப்பறைதான் என்றால் சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும், வாடகைக்கும் தருகிறார்கள். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கத்தான் செய்யும். உட்காரும்போது ஸ்டூலில் தூக்கி வைக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் ஆபரேஷன் என்றாலே பத்தியம். முட்டை சீழ் பிடிக்கும், மீன் சூடு, பருப்பு வாயு, கத்திரிக்காய் அரிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கடைசியில் ரசம் சாதமும் பிரெட்டும்தான் மிஞ்சும். முள்ளு கத்திரிக்காயை ஒரு மாதம் தள்ளி வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை, பாட்டி மனம் நிம்மதியாக இருக்கும். ஆனால் முட்டை, மீன், கோழி, பருப்பை நிறுத்துவது நேரடியாகக் கெடுதல். புண் ஆறுவது புரதத்தால். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, இரண்டு இட்லியும் சட்னியும் கொடுப்பதைவிட ஒரு இட்லியும் ஒரு முட்டையும் கொடுப்பது மேல். சைவம் என்றால் ஒவ்வொரு வேளையும் பருப்போ சுண்டலோ தயிரோ ஏதாவது ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்கு ருசி தெரியவில்லை என்பார், அது சில வாரத்தில் திரும்பும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. கேழ்வரகுக் களியோ கூழோ பழகியவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம்தான் எதிரி. உப்பு உடம்பில் தண்ணீரைக் கட்டிவைக்கும். இளநீரும் ஜூஸும் நல்லதுதானே என்று சொந்தக்காரர்கள் வாங்கி வருவார்கள். இதயம் பலவீனமாக இருந்தாலோ சிறுநீரகம் சரியில்லை என்றாலோ இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் திரவம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கூழும் ரசமும் அதில் சேர்த்தி. சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் இல்லாமல் தையல் ஆறாது. மலம் இறுகி முக்க வேண்டியிருந்தால் இரண்டு நாளைக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காமல் மருந்து கேளுங்கள்.

மாத்திரையில் நம் மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புது மாத்திரையும், வீட்டு டப்பாவில் இருக்கும் பழைய மாத்திரையும் வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் போட்டால் பிரஷர் இறங்கிக் கீழே விழுவார். அதனால் பழைய மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு டிஸ்சார்ஜ் அன்றைக்கே வார்டு டாக்டரிடம் காட்டி, எது தொடரணும், எது நிறுத்தணும் என்று கேட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும் தன்னார்வலரிடமும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலிக்கிறதென்று பக்கத்து மெடிக்கலில் வலி ஊசியோ வலி மாத்திரையோ வாங்கக் கூடாது, பல வலி மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். நாட்டு மருந்தும் லேகியமும் இப்போதைக்கு வேண்டாம்.

குளியல்: காயம் காய்ந்து டாக்டர் அனுமதித்ததும், ஸ்டூலில் உட்கார வைத்து நீங்கள் செம்பால் ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் காயத்தின் மேல் வழிந்து போகலாம், தேய்க்கக் கூடாது. சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், விபூதி, எண்ணெய், வேப்பிலை அரைத்த விழுது எதுவும் தையல் மேல் படக் கூடாது.

அழுதால் பதறாதீர்கள். காரணமே இல்லாமல் கண் கலங்குவார், "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்" என்பார். இத்தனை வருஷம் குடும்பத்தைத் தாங்கியவரை ஒருவர் குளிப்பாட்டுகிறார் என்றால் அது அவருக்கு எப்படி இருக்கும்? பணத்தைப் பற்றிய பேச்சை அவர் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விஷயத்தில் அவரிடம் யோசனை கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் முகம் தெளியவில்லை, தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே ஒருவர் சமாளிக்கட்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வேண்டாம். "எங்க பெரியப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான்" என்று ஆரம்பித்துச் சாவில் முடிக்கும் கதைகளும் வேண்டாம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரித் தரையில் பல நாள் படுத்தவர், அவருக்கும் வயதாகிறது. அவருடைய பிரஷர் மாத்திரையை நேற்று போட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். நீங்கள் பெங்களூர் திரும்பிய பிறகு ராத்திரி முறைக்கு யார் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், தம்பியோ சித்தப்பாவோ. டாக்டரிடம் பேசுவது எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

சிரசுத் திருவிழா. ஆபரேஷன் பங்குனிக் கடைசியில் என்றால் வைகாசி ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம். எலும்பு கூடிக்கொண்டிருக்கிற நேரம் அது. அந்தக் கூட்டத்தில் ஒரு முழங்கை நெஞ்சில் பட்டால் போதும், அதனால் ஊர்வலத்துக்குள்ளே கூடாது. ஆனால் வேண்டாமென்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள், அவருக்கு அதுதான் நடக்கிறதற்கு ஒரு காரணம். சிரசு வரும் வழியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ கீழ் அறை ஜன்னலோ இருந்தால், கூட்டம் சேர்வதற்கு முன்பே போய், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். ரிவியூவில் டாக்டரிடமும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தறி வேலை மூன்று மாதம் கழித்து, டாக்டரிடம் கேட்டுத்தான்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். நெஞ்சில் அழுத்தும் வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, மயக்கம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது: உடனே 108. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், காயத்தில் சிவப்பு, சீழ், நாற்றம், அசையும்போது மார்பெலும்பில் 'க்ளிக்' என்ற சத்தம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்குவது, தெளிந்த ஆள் திடீரென்று மறுபடி குழம்புவது: அன்றைக்கே ஆஸ்பத்திரி, ரிவியூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே போன் பண்ணுங்கள்.

அந்த எடை, காய்ச்சல், சர்க்கரை, நடந்த நிமிஷம் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ரிவியூவுக்கு வரும்போது அந்த நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள், காப்பீட்டு அட்டை நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று முந்தின நாளே போனில் கேளுங்கள், வேண்டுமென்றால் அவருக்கான இட்லியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். கேட்க நினைக்கும் கேள்விகளை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், ஓபி கூட்டத்தில் பாதி மறந்துவிடும்.